வரலாறும் அரசாங்கமும்: நம்ம ஊரிலிருந்து ஒரு பார்வை

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் பிற்பகல் அமர்வில், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரும் நம் கல்லூரியின் பழைய மாணவருமான ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் நான் பிற்பகல் வகுப்பில் என்ன செய்தேனோ அதை இன்றைக்கு நீங்கள் செய்தால் நான் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் தலைப்பு நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் கண்ணைத் திறந்து வையுங்கள்.

அரசாங்கம் வரலாற்றை எப்படி எழுதுகிறது என்று பேசச் சொன்னார்கள். உடனே எல்லோருக்கும் டில்லி ஞாபகம் வரும், பாடப்புத்தகச் சண்டை ஞாபகம் வரும். நான் அங்கே போவதற்கு முன்னால் இங்கேயே, பொன்னமராவதியிலேயே, எண்ணூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விஷயம் நடந்திருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

1160-களின் பிற்பகுதி. மதுரையில் பாண்டியர் வீட்டுச் சண்டை. பராக்கிரம பாண்டியன் ஒரு பக்கம், குலசேகர பாண்டியன் ஒரு பக்கம். குலசேகரன் மதுரையை முற்றுகை போட்டதும் பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவுக்கு ஆள் அனுப்பினான். இலங்கைப் படை கிளம்புவதற்குள் பாண்டியன் கொல்லப்பட்டுவிட்டான். ஆனாலும் படை வந்தது. தளபதி பெயர் லங்காபுரன். ராமேஸ்வரத்தில் இறங்கி, குந்துகாலில் கோட்டை கட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வடக்கே வந்தான். தப்பிப்போயிருந்த இளவரசன் வீரபாண்டியனைக் கூப்பிட்டு மதுரையில் முடிசூட்டினான்.

இந்தப் படையெடுப்பைப் பற்றி மகாவம்சத்தின் பிற்பகுதியான சூளவம்சம் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறது. அதிலே நம்ம ஊர் பெயர் வருகிறது! பொன்னமராவதிக்கு வந்து, இங்கே இருந்த மாடமாளிகையை எரித்தான் லங்காபுரன் என்று பெருமையாகச் சொல்கிறது. நிஷதராசர் என்ற சிற்றரசர்கள் இந்தப் பக்கம் ஆண்டதைப் புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆகவே இங்கே எரிப்பதற்கு ஒரு மாளிகை இருந்திருக்கிறது என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

நான் இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயசு. ‘நம்ம ஊர் ஒரு புத்தகத்தில் வந்திருக்கே’ என்ற மகிழ்ச்சியில், எரித்தான் என்ற வார்த்தையை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. எரித்தவன் கணக்குப்பிள்ளை எழுதிவைத்த பட்டியலில் நாம் ஒரு வரி. அவ்வளவுதான்.

சரி, அந்தப் போர் எப்படி முடிந்தது? சூளவம்சத்தைக் கேட்டால், லங்காபுரன் எல்லோரையும் ஜெயித்தான், பாண்டிய நாட்டில் பராக்கிரமபாகு பெயரில் காசு புழங்கியது, வெற்றியின் நினைவாக இலங்கையில் ஓர் ஊருக்குப் பாண்டுவிஜயம் என்று பெயர் வைத்தார்கள். அத்தோடு கதை முடிந்தது. சுபம்.

இப்போது மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக்குப் போங்கள். இரண்டாம் ராஜாதிராஜ சோழனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது சொல்வது வேறு. சோழப்படை போய் இலங்கைப் படையைத் தோற்கடித்தது. லங்காபுரன், ஜகத்விஜயன் ஆகிய தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்தார்கள். குலசேகரன் மறுபடி மதுரைக்குள் போனான். செய்தவர் பல்லவராயர் என்ற அமைச்சர்.

அப்புறம் காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கம் போங்கள். அதே ராஜாதிராஜனின் ஐந்தாம் ஆட்சியாண்டு. அங்கேயுள்ள கல்வெட்டு மூன்றாவது விதமாகச் சொல்கிறது. ராமேஸ்வரம் கோயிலை அடைத்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தைக் கொள்ளையடித்த இலங்கைப் படையால் நாடு நடுங்கியபோது, சம்புவராயர் ஒருவர் உமாபதிதேவர் என்ற சிவாச்சாரியாரிடம் போய் முறையிட்டார். ஆச்சாரியார் 28 நாள் பூசை செய்தார். எதிரிகள் ஓடிவிட்டார்கள் என்று சேதி வந்தது.

ஆக, ஒரு போர். கடலுக்கு அந்தப் பக்கம் கேட்டால் நாங்கள் ஜெயித்தோம். கடலுக்கு இந்தப் பக்கம் கேட்டால், ஒரு கல்லில் கத்தி ஜெயித்தது, இன்னொரு கல்லில் பூசை ஜெயித்தது. நீலகண்ட சாஸ்திரியார் போன்ற பெரியவர்கள் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யார் எதைச் சொல்கிறார், யார் எதை விழுங்குகிறார் என்று கணக்குப் போட்டார்கள். சூளவம்சம் ஜெயித்ததை எழுதி, தோற்ற இடத்துக்கு முன்னாலேயே பேனாவை மூடிவிட்டது என்பது அவர்கள் கணிப்பு. தலையை ஆணியடித்த கதையிலும் மிகை இருக்கலாம் என்பது என் கணிப்பு.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டும் சரி, ஆர்ப்பாக்கம் கல்வெட்டும் சரி, வரலாறு எழுத வெட்டப்பட்டவை அல்ல. இன்றைக்கு நாம் சொல்கிற மாதிரி சொன்னால், பத்திரம். உமாபதிதேவருக்கு ஆர்ப்பாக்கம் கிராமத்தையே கொடுத்த பத்திரம் அது. ‘ஏன் இவருக்குக் கொடுத்தோம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான் போர்க்கதை. பூசைக்காரருக்குக் கொடுத்த பத்திரத்தில் பூசை ஜெயிக்கும். படைத்தலைவர் குடும்பத்துக்குக் கொடுத்த பத்திரத்தில் படை ஜெயிக்கும். பயன் யாருக்கு என்று பார்த்தால் பாதி வரலாறு புரிந்துவிடும்.

அரசாங்கம் பத்திரத்தின் தலைப்பிலேயே வரலாற்றை எழுதும் வழக்கத்தை ஊரறிய ஆக்கியவர் முதலாம் ராஜராஜர். மெய்க்கீர்த்தி என்கிறோம். ஒரு குளத்துக்கு மடை வைத்தாலும், விளக்குக்கு ஆடு விட்டாலும், மேலே ராஜாவின் வெற்றிப் பட்டியல் வரும். புதிதாக ஒரு நாட்டை ஜெயித்தால் பட்டியல் நீளும். அந்தக் காலத்தில் ரேடியோ, பத்திரிகை எல்லாம் கோயில் சுவர்தான். தோற்றதை எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லாது. 949-ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டான். சோழ நாட்டுக்கு மரண அடி. கல்வெட்டில் அவருக்கு என்ன பெயர் தெரியுமா? ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’. தோல்வி பட்டமாகிவிட்டது. தமிழ் எவ்வளவு வளமான மொழி பாருங்கள்!

பக்கத்து நாட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனசு வரவில்லை. மகாவம்சத்தை இன்றைக்கும் இலங்கை அரசே ஆள் போட்டுத் தொடர்ந்து எழுதுவிக்கிறது. ஜெயவர்த்தனா காலத்திலேயே அந்த வேலை நடந்தது. அவர்கள் கடற்படைக் கப்பல் ஒன்றின் பெயர் பராக்கிரமபாகு. நமக்குச் சுருக்கென்று இருக்கிறது. ஆனால் நாம் ராஜராஜருக்குச் சதய விழா எடுக்கிறோம், ராஜேந்திரருக்கு நாணயம் வெளியிடுகிறோம். ‘ஈழம் கொண்டார்’ என்று மேடையில் சொன்னால் கைதட்டுகிறோம். அநுராதபுரத்துக்காரர் ஒருவர் அந்தக் கைதட்டலைக் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? அங்கேயும் ஒரு பொன்னமராவதி எரிந்திருக்கும் இல்லையா?

இனி, இந்த மண்டபத்தில் கொஞ்சம் சங்கடம் உண்டாக்கக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மேல்படிப்புக்கு வெளியூர் போய் விடுதியில் சேர்ந்தபோது, ‘எந்த ஊர்ப்பா?’ என்று கேட்டார்கள். ‘புதுக்கோட்டைப் பக்கம், பொன்னமராவதி’ என்றேன். ‘ஓ, காட்டிக்கொடுத்த சமஸ்தானமா’ என்று ஒருத்தன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருஷம் அந்தப் பெயர் என்னை விடவில்லை. இங்கே இருக்கிற பல பேருக்கும் இந்த அனுபவம் இருக்கும், தலையாட்டுகிறீர்கள்.

நடந்தது என்ன? 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். கட்டபொம்மன் தப்பி வடக்கே வந்தார். நம்ம பக்கத்துக் காட்டில் பிடிபட்டார். திருக்களம்பூர்க் காடு என்று ஒரு சாரார், காலாப்பூர்க் காடு என்று இன்னொரு சாரார். எதுவானாலும் இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். பிடித்தவர்கள் புதுக்கோட்டை விஜயரகுநாத தொண்டைமானின் ஆட்கள். கும்பினியாரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கு.

இதிலே யாருக்கும் சந்தேகம் இல்லை. நடந்தது ஒன்று. இனி அதை எழுதினவர்களைப் பாருங்கள்.

முதலில் கும்பினியார். அவர்களுக்கு அது கலகம். கட்டபொம்மன் அடங்காத பாளையக்காரன். 1801-ல் இரண்டாவது போரும் முடிந்தபிறகு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்லுவாங்க. கணக்குப் புத்தகங்களிலிருந்து ஊர்ப் பெயரையே எடுத்தார்கள். 1881-ல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு சென்னை அரசாங்க அச்சகத்தில் அச்சானது. அரசாங்க ஆவணங்களைப் பார்த்து எழுதினால் அரசாங்கத்தின் கண்ணால்தானே பார்க்க முடியும்? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எதிரிப் படையிலே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் தன் நினைவுகளை எழுதும்போது ஊமைத்துரையைப் பற்றியும் சின்ன மருதுவைப் பற்றியும் அவ்வளவு மரியாதையாக எழுதினான். வளரி எறியக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று சொல்லியிருக்கிறான். உத்தியோகத்தில் இருந்தவன் எழுதிய தனிப் புத்தகத்தில் வந்த நேர்மை, அலுவலக அறிக்கையில் வரவில்லை.

இரண்டாவது, நம்ம சமஸ்தானம். கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்ததை அவர்கள் மறைத்தார்களா? மறைக்கவே இல்லை! விசுவாசத்துக்குச் சான்றாக எடுத்துச் சொன்னார்கள். பாளையக்காரர் போரில் செய்த உதவிக்காக 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் நிலமும் கும்பினியார் தொண்டைமானுக்குக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் தர வேண்டும் என்று நிபந்தனை. அந்த யானையை யாரும் கேட்கவும் இல்லை, இவர்கள் கொடுக்கவும் இல்லை. 1836-ல் ரத்தே செய்துவிட்டார்கள். 1916-ல் சமஸ்தானத்தின் வரலாறு புத்தகமாக வந்தது. எழுதியவர் எஸ். ராதாகிருஷ்ண ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தர்பாரில் சம்பளம் வாங்குகிறவர் தர்பாரைப் பற்றி எப்படி எழுதுவார்? நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், நானும் அரசாங்கச் சம்பளம் வாங்கினவன்தான். சமஸ்தானம் தன் கதையை இப்படி வைத்துக்கொண்டது: திருச்சி முற்றுகைக் காலத்திலிருந்து நாங்கள் ஆங்கிலேயரின் நண்பர்கள், நட்பு மாறாதவர்கள்.

மூன்றாவது, சுதந்திரத்துக்குப் பிறகு. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. நட்பு மாறாதவர் என்ற பட்டம் ஒரே ராத்திரியில் துரோகி என்று ஆகிவிட்டது. ம.பொ.சி. கட்டபொம்மனுக்காக ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். 1959-ல் சிவாஜி படம் வந்தது; அதற்கு மேல் யார் கல்வெட்டைப் படிக்கப்போகிறார்கள்? 1974-ல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை கட்டியது. ஒரு காலத்தில் கணக்கிலிருந்து பெயர் எடுக்கப்பட்ட ஊருக்கு அரசாங்கமே கோட்டை கட்டியது நியாயம்தான். பஸ்ஸுக்கும் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் அங்கே, மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் இங்கே காரைக்குடியில். மாவட்டமே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 1997-ல் ஜாதிச் சண்டையில் போய் முடிந்ததும் எல்லாப் பெயரையும் ஒரே உத்தரவில் எடுத்துவிட்டார்கள். வைக்கவும் ஓர் அரசாணை, எடுக்கவும் ஓர் அரசாணை.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், தொண்டைமான் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. கீழாநிலை வாங்கிய பிறகு அதை வெறும் நட்பு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் 1799-ல் ‘தமிழ்நாடு’ என்று ஒரு நாடு கிடையாது, ‘இந்தியா’ என்று ஒரு கொடி கிடையாது. இல்லாத நாட்டுக்கு ஒருவன் எப்படித் துரோகம் செய்வான்? அரை நூற்றாண்டாகக் கும்பினியோடு உடன்படிக்கையில் இருந்த சிற்றரசன், தன் ராஜ்யம் பிழைக்க என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. அதன் விலை என்ன, யார் கொடுத்தது என்று கேட்கலாம். ஆனால் எதற்காக அந்த விடுதிப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்? என் பாட்டன் கீழாநிலையில் பங்கு வாங்கவில்லையே!

இப்போது ஒரு குற்ற ஒப்புதல். நான் வாத்தியாரான பிறகு, ஒரு காலாண்டுப் பரீட்சையில், ‘கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவர் யார்?’ என்று கேள்வி. ஒரு மதிப்பெண். ஒரு பையன், பெயர் வேண்டாம், இப்படி எழுதியிருந்தான்: ‘காட்டிக்கொடுக்கவில்லை. அவர் ஒளிந்த இடம் இவருடைய நாடு. வெள்ளைக்காரன் கேட்டான், பிடித்துக்கொடுத்தார்.’ விடைக்குறிப்பில் ஒரே வார்த்தை. நான் பூஜ்யம் போட்டேன். அவன் பேப்பரைக் கொண்டுவந்து, ‘சார், இதுல என்ன தப்பு?’ என்றான். ‘புக்குல இருக்கறத எழுதுடா’ என்றேன். என்னை விடுதியில் கேலி பண்ணினதை நான் மறக்கவே இல்லை. அதையே நான் ஒரு சின்னப் பையனுக்குச் செய்தேன். அரசாங்கம் டில்லியிலோ சென்னையிலோ உட்கார்ந்து வரலாறு எழுதுகிறது என்று நாம் பேசுகிறோம். அன்றைக்கு அரசாங்கம் நான்தான். சிவப்பு மை என் கையில் இருந்தது.

டில்லிக் கதையும் இரண்டு சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்ததும் விடுதலைப் போராட்ட வரலாற்றை அரசாங்கமே எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. பெரிய வரலாற்றாசிரியர் ஆர்.சி. மஜும்தார் அந்த வேலையில் இருந்தார். 1857-ஐ முதல் சுதந்திரப் போர் என்று சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. அந்தப் பொறுப்பு வேறு கைக்கு மாறி, தாராசந்த் நான்கு தொகுதிகள் எழுதினார். மஜும்தார் சும்மா இருக்கவில்லை, தன் பங்குக்குத் தனியாக எழுதி வெளியிட்டார். இரண்டும் நூலகத்தில் கிடைக்கின்றன, அதுதான் ஜனநாயகத்துக்கு அழகு. 1971-ல் நம்ம பக்கத்து ராஜய்யன், 1800-1801 தென்னாட்டுக் கிளர்ச்சிதான் முதல் சுதந்திரப் போர் என்று புத்தகம் எழுதினார். முதலிடத்துக்கு இன்னும் போட்டி நடக்கிறது.

1973-ல் இந்திரா காந்தி செங்கோட்டையில் ‘காலப் பேழை’ ஒன்றைப் புதைத்தார். சுதந்திர இந்தியாவின் வரலாறு, ஆயிரம் வருஷம் கழித்துத் தோண்டுகிறவர்களுக்காக. வரைவு தயாரித்தவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். ஆயிரம் வருஷம் எங்கே? 1977-ல் ஜனதா ஆட்சி வந்ததும் தோண்டி எடுத்துவிட்டார்கள். நான்கே வருஷம்!

கீழடியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். 2014-15-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது; பொறுப்பிலிருந்த அமர்நாத் ராமகிருஷ்ணா 2017-ல் அசாமுக்கு மாற்றப்பட்டார். பிறகு மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. தன் இரண்டு கட்ட ஆய்வுக்கு அவர் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தி எழுதித் தாருங்கள் என்று துறை திருப்பி அனுப்பியது. கால வரையறையைத் திருத்த அவர் மறுத்தார். அடுத்த மாதமே இன்னொரு மாற்றல். இதில் என் மனசு அமர்நாத் பக்கம்தான். அறிக்கை மேல் சந்தேகம் இருந்தால் அச்சடித்து வெளியிட்டு, எதிர்க் கட்டுரை எழுதட்டுமே. ஆனால் நம்ம மாநில அரசையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை 5,300 ஆண்டு என்ற அறிக்கையை முதலமைச்சரே மேடையில் வெளியிட்டார். அது சரியாகவே இருக்கலாம். முதலமைச்சர் அறிவித்த ஆண்டுக் கணக்கை, அவர் கீழே வேலை பார்க்கிற ஓர் இளம் ஆய்வாளர் நாளைக்குத் தப்பு என்று சொல்ல முடியுமா? எனக்கு அந்தக் கவலை.

அரசாங்கம் கெட்டது மட்டும்தான் செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இதே புதுக்கோட்டை தர்பார், தன் புகழைப் பாடின அதே தர்பார், 1910-ல் அருங்காட்சியகம் வைத்தது. 1929-ல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளை ஒன்று விடாமல் படியெடுத்து மூலத்தோடு அச்சடித்தது. எந்த ராஜா உயர்ந்தவன், எவன் தாழ்ந்தவன் என்று பார்க்கவில்லை. ஊர்க் கோயில் சுவர், ஏரிக்கரைப் பாறை, எல்லாம். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தர்பார் சொன்னதையே நீங்கள் மறுக்கலாம். முடிவைச் சொல்லாமல் மூலத்தை அச்சடித்துக் கொடுத்த அரசாங்கத்துக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு காரியம். 1929 கல்வெட்டுத் தொகுதியில் நம்ம ஊர்ப் பக்கங்கள், சூளவம்ச ஆங்கில மொழிபெயர்ப்பில் லங்காபுரன் வருகிற அத்தியாயங்கள், சாஸ்திரியார் சோழர் நூலில் இந்தப் போரைப் பற்றி எழுதியது, 1916 சமஸ்தான வரலாற்றில் 1799-ஐப் பற்றிய பக்கங்கள், எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே கோப்பாகத் தைத்து நம் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். சில பக்கம் மங்கலாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். அது அந்தப் பையன் பெயர். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்த மண்டபத்தில் இருந்தால், அந்த ஒரு மதிப்பெண்ணை இன்றைக்குப் போட்டுக்கொள்ளட்டும்.